கைகட்டிக் கேட்ட கதை

நான் சொல்லப்போவதை நீங்கள் அப்படியே நம்ப வேண்டாம் தம்பி. பதினெட்டு வருஷமாக நானே முழுதாக நம்பவில்லை. நடந்ததை நான் பார்க்கவில்லை. என் மனைவி சொன்னதுதான். அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் யாரிடமாவது இதைச் சொல்ல ஆரம்பித்தால் ஓர் இடத்தில் எனக்கே குரல் இறங்கிவிடும். அந்த இடம் வரும்போது நீங்களே கவனிப்பீர்கள்.

மெக்கானிக் டீ குடிக்கப் போயிருக்கிறார். கரண்ட் வராமல் அவர் வரமாட்டார். உங்கள் டோக்கன் ஏழுதானே? நான் ஆறு. என் மகளுடைய காது மெஷினில் கரகரவென்று சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தேன். சத்தம் வருகிறது என்று அவள் சொல்லவில்லை. நான்தான் என் காதில் வைத்துப் பார்த்தேன்.

கேட்காமலே ஏன் சொல்கிறேன் என்றால், சற்று முன்னால் உங்கள் பாப்பா ஜன்னலைக் காட்டிக் கையை ஆட்டியது. நீங்கள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து, "வாயால சொல்லு" என்றீர்கள். தப்பு என்று சொல்ல வரவில்லை. நானும் அதைத்தான் சொன்னேன். உங்களை விடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

என் மகள் பெயர் பேச்சியம்மாள். எங்கள் குலதெய்வத்தின் பெயர் அது, பிறந்த மூன்றாம் நாளே வைத்துவிட்டோம். காது கேட்கவில்லை என்று தெரிந்தது ஒன்றே முக்கால் வயதில். அதற்குப் பிறகு தெருவில் ஒருத்தர் விடாமல் கேட்டார்கள்: "பேச்சின்னு பேர் வச்சிட்டுப் பேச்சையே காணோமே?" அப்போதெல்லாம் மெஷின் என்றால் நெஞ்சில் தொங்கும் பெட்டி, அதிலிருந்து இரண்டு வயர். பஸ்ஸில் ஒரு கிழவர், "இந்த வயசுலயே ரேடியோ கேக்காளா?" என்றார். உலகு, என் மனைவி உலகம்மாள், "ஆமா தாத்தா, செய்தி கேக்கா" என்றாள். அவள் அப்படித்தான். எனக்கு அந்த இடத்திலேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

பயிற்சிக்குப் பாளையங்கோட்டையில் பிரிசில்லா டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "தினம் இருபது நிமிஷம் புஸ்தகம் வாசிச்சுக் காட்டுங்க. மெஷினுக்கு ஒரு சாண் தூரத்துல உக்காந்து வாசிக்கணும். வாசிக்கும்போது வாயைக் கையால மறைச்சுக்கோங்க. உதட்டையே பாத்துப் பழகிட்டா காதால கேக்கணும்ங்கிறதையே விட்டுரும்." இவ்வளவுதான்.

நான் கோர்ட்டில் தட்டச்சர். சாட்சி சொல்வதை ஜட்ஜ் சொல்லச் சொல்ல அடிக்கிற வேலை. சாட்சி தலையை ஆட்டினால் ஜட்ஜ் விடமாட்டார். "தலையாட்டுறது பதிவாகாது, வாயைத் திறந்து சொல்லுங்க" என்பார். இருபத்தைந்து வயதிலிருந்து தினம் இதைக் கேட்டிருக்கிறேன். கை ஆட்டினது, கண் கலங்கினது, ஒன்றும் என் காகிதத்தில் ஏறாது. வாயில் வந்ததுதான் ஏறும். அதனால் டீச்சர் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது. நான் ஒன்றை மட்டும் சேர்த்தேன். வாசிக்கும்போது பிள்ளை கைகட்டி உட்கார வேண்டும்.

பேச்சி எதைப் பார்த்தாலும் கையை ஆட்டுவாள். நாய் வந்தால் விரலை மடக்கிக் காதுபோல வைப்பாள். தோசை வேண்டும் என்றால் உள்ளங்கையைச் சுழற்றுவாள். கை ஓடிக்கொண்டிருந்தால் வாய் எப்படித் திறக்கும்? நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கைகட்டித்தானே கேட்டோம்?

"டீச்சர் கையைக் கட்டச் சொல்லலையே" என்றாள் உலகு.

"அது டீச்சர் சொல்லணுமா? கேக்கிற பிள்ளை கையைக் கட்டிட்டுத்தான் கேக்கும்."

"அவளுக்கு மூணு வயசு."

"மூணு வயசுல பழகாதது முப்பது வயசுல பழகுமா?"

நான் பிள்ளையை அடித்ததில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் மட்டும் துண்டால் கட்டினேன். இறுக்கமாக இல்லை. வாசித்து முடிக்கிற வரைக்கும்தான். அதற்குப் பிறகு நான் உள்ளே வந்தாலே அவளாகவே கையைக் கட்டிக்கொள்வாள். இன்று வரைக்கும் அப்படித்தான். இருபத்துமூன்று வயதாகிறது, அப்பா வந்தால் கைகட்டி எழுந்து நிற்கிறாள். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்படி மரியாதை தெரிந்து நிற்கிறது?

பிறகு எனக்குச் சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகிவிட்டது. அங்கேயே அறை எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை வருவேன், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவேன். ஒன்றரை மணி நேர பஸ்தானே, தினம் போய் வந்திருக்கலாமே என்று என் மைத்துனன் இப்போதுகூடச் சொல்வான். சொல்கிறவர்களுக்கு என்ன, அந்த பஸ்ஸில் நின்று பார்த்தால் தெரியும். வாசிப்பது உலகுவின் பொறுப்பு என்றானது. நான் சனிக்கிழமை வந்து, எந்தச் சொல் வந்திருக்கிறது என்று கேட்பேன். எந்தச் சொல்லும் வந்திருக்காது.

ஒரே ஒரு புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தாள். பதினாறு பக்கம், படம் போட்டது. ஓர் எருமைக் கன்று சந்தைக்குத் தன் அப்பாவைத் தேடிப் போகும். வளையல் கடையில் கேட்கும், கருவாட்டுக்காரியிடம் கேட்கும், கடைசியில் கிடைத்துவிடும். எனக்கே அது மனப்பாடம். வேறு வாங்கித் தரட்டுமா என்றால், "அவளுக்கு இதுதான் வேணும்" என்பாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள்.

பேச்சிக்கு ஐந்து வயது ஆகப்போகிற சமயம். வாய் திறக்கவில்லை. டாக்டரிடம் கேட்டேன். காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, அங்கே கையால் பேசக் கற்றுக்கொடுப்பார்கள், ஐந்து வயதில் சேர்த்தால் நல்லது என்றார். ஃபாரம் வாங்கி வந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது தோற்றுப்போன மாதிரிதான் இருந்தது. ஆனால் அங்கே போனால் பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருக்காதல்லவா. இப்படி யோசித்தேனா என்று இப்போது தெரியவில்லை. யோசித்திருப்பேன்.

உலகுவிடம் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள். அதுக்குள்ள ஒரு சொல். ஒரே ஒரு சொல் வரட்டும், நான் கிழிச்சுப் போட்டுருதேன்."

"அஞ்சு வயசுப் பிள்ளையை விடுதியிலயா? ராத்திரி பயந்தா யாரைக் கூப்பிடுவா?"

"இங்க மட்டும் யாரைக் கூப்பிடுதா?"

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் கோர்ட் ஆபீஸுக்குப் போன் வந்தது. உலகுதான். மூச்சு வாங்கப் பேசினாள். காலையில் வாயை மறைத்துக்கொண்டு வாசித்தாளாம். 'கன்று யாரைத் தேடிச் சந்தைக்குப் போச்சு?' என்று கேட்டாளாம். பேச்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு வாய் திறந்து, "அப்பா" என்றாளாம்.

பாருங்கள், இந்த இடம்தான். இப்போதும் குரல் இறங்கிவிட்டது.

அன்றைக்கு அப்படி இறங்கவில்லை. ஆபீஸ் முழுக்க லட்டு வாங்கிக் கொடுத்தேன். எங்கள் பெஞ்ச் கிளார்க் மாசானமுத்து லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் ஓய், தினம் பக்கத்துல இருக்கிற அம்மாவை விட்டுட்டு வாரத்துக்கு ஒருதரம் வர்ற உம்மையா முதல்ல கூப்பிட்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்குப் போய் ஃபாரத்தைக் கிழித்தேன். நான்தான் கிழித்தேன். உலகு கிழிக்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் பேச்சி முன்னால் உட்கார்ந்தேன். "அப்பா சொல்லு. அப்பா." கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். வாயை மறைத்துச் சொன்னேன், மறைக்காமல் சொன்னேன். ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிற வரைக்கும் சொன்னேன். அவள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"புது ஆளைப் பாத்தா வெக்கப்படுதா" என்றாள் உலகு.

"நான் புது ஆளா?"

"அதுக்குச் சொல்லல."

அதற்கப்புறம் பேச்சி அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் இல்லாதபோது சொல்கிறாள் என்று கொஞ்ச நாள் உலகு சொன்னாள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டாள். நான் கேட்பதையும் விட்டுவிட்டேன். கேட்டால் என்ன பதில் வந்துவிடுமோ என்றுதான் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒரு சாட்சியை இவ்வளவு வருஷம் குறுக்குக் கேள்வி கேட்காமல் விட்டவன் எந்தக் கோர்ட்டிலும் இருக்கமாட்டான்.

பேச வருகிறது என்ற நம்பிக்கையில் சாதாரணப் பள்ளியில் சேர்த்தோம். பத்து வருஷம் முதல் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். "இவ்வளவு அமைதியான பிள்ளையை நாங்க பாத்ததே இல்ல சார்" என்று டீச்சர்கள் சொல்வார்கள். போர்டில் இருப்பதை முத்து முத்தாக நோட்டில் எழுதுவாள். கையெழுத்துக்குப் பரிசுகூட வாங்கினாள். என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது என்பது பத்தாம் வகுப்பில் மூன்றாவது தடவை ஃபெயிலானபோதுதான் எங்களுக்கு உறைத்தது. வாயால் சொல்வது பதினாலு சொல். எண்ணி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று 'ப்பா' என்கிற மாதிரி இருக்கும். தண்ணீர் கேட்கவும் அதுதான், அம்மாவைக் கூப்பிடவும் அதுதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தார்கள். கோவில்பட்டிப் பக்கம். மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. அச்சகத்தில் வேலை, நல்ல பையன், சுத்தமாகச் சட்டை போட்டிருந்தான். கூட அவன் அம்மாவும் அக்காவும். அவனும் அக்காவும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். தம்பி, அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. அவன் ஏதோ சொன்னான், அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் வீட்டுக் காப்பியைப் பற்றியாம். என்ன சொன்னான் என்பதை மட்டும் எங்களுக்குச் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள்.

பிறகு பேச்சியைப் பார்த்து அவன் கையால் ஏதோ கேட்டான். அவள் பார்த்தாள். மறுபடி கேட்டான், இந்தத் தடவை மெதுவாக. மூன்றாவது தடவை இன்னும் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அவள் என்னைப் பார்த்தாள், கையைக் கட்டிக்கொண்டாள். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன கேட்டாப்ல?" என்றேன் அக்காவிடம்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டான் சார்."

அவனும் அந்த விடுதிப் பள்ளியில் படித்தவன்தான். ஐந்து வயதில் சேர்த்தார்களாம். முதல் வருஷம் அழுதானாம், அடுத்த வருஷம் லீவுக்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்றானாம். பேச்சிக்கு அந்தக் கைப்பேச்சு தெரியாது. அவன் அம்மா எழுந்திருக்கும்போது உலகுவின் தோளைத் தொட்டு, "தப்பா நினைக்காதீங்க. எங்க பையனுக்குப் பேசிக்கிட்டிருக்க ஓர் ஆள் வேணும்" என்றாள். நான் விடவில்லை. வாசலில் வைத்து அக்காவிடம், எங்கள் பிள்ளை சின்ன வயதில் அப்பா என்று சொல்லியிருக்கிறாள், பேச்சு வந்துகொண்டிருந்தது, இடையில்தான் நின்றுபோனது என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பான்னு சொன்னாலும் அம்மான்னு சொன்னாலும் உதடு ஒண்ணுபோலத்தான் சார் ஒட்டும். சத்தமில்லாம சொன்னா யாரைச் சொல்லுதாங்கன்னு எங்களுக்கே தெரியாது" என்றாள்.

அன்றிலிருந்து என் மண்டைக்குள் இதுவே. அப்பாவா, அம்மாவா? உலகு சத்தத்தைக் கேட்டாளா, உதட்டைப் பார்த்தாளா? அம்மா என்று சொன்னதை எனக்காக அப்பா என்று மாற்றிவிட்டாளா? அந்த ஒரு சொல்லை வைத்துத்தானே ஃபாரத்தைக் கிழித்தேன். கிழிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு அந்தப் பையன் கேட்டதற்கு அவள் பதில் சொல்லியிருப்பாள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தது பொய்ச்சாட்சி என்றால் யாரைப் போய்க் கேட்பது? இப்படியே கறுவிக்கொண்டிருந்தேன்.

போன வாரம், இப்போது நான் மாற்றலாகி வந்திருக்கிற உள்ளூர்க் கோர்ட்டில், வக்கீல்கள் புறக்கணிப்பு. பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவு திறந்துதான் கிடந்தது. அடுக்களையில் உலகு அவரைக்காய் நறுக்கியபடி வாரப் பத்திரிகையில் தொடர்கதையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். வாயை மறைக்கவில்லை. நாலு வரி வாசிப்பாள், கத்தியைக் கீழே வைப்பாள், கையால் ஏதோ சொல்வாள். பேச்சி தரையில் சம்மணமிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கையால் திருப்பிச் சொல்வாள். வெறும் கை இல்லை தம்பி. முகம், தோள், புருவம் எல்லாம் சேர்ந்து சொல்லும். கதையில் வருகிற மாமியார் எப்படிச் சேலையை இழுத்துச் செருகுவாள் என்று செய்து காட்டினாள். பெண் பார்க்க வந்த பையன் காப்பியைக் குடித்துவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொண்டான் என்று செய்து காட்டினாள். உலகு சிரித்த சிரிப்பில் காய் சிதறிவிட்டது. உலகு இப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது.

பிறகு பேச்சி பத்து விரலையும் காற்றில் வைத்துத் தட்டினாள். மூக்கில் இல்லாத கண்ணாடியை மேலே தள்ளிவிட்டாள். மறுபடி தட்டினாள். டைப் அடிக்கிற மாதிரி. யாரைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. அது எனக்குத்தான் தெரியவில்லை.

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். முகம் அணைந்துவிட்டது. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். பேச்சி மாடிக்குத் துணி எடுக்கப் போனதும் உலகுவிடம் கேட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக.

"அன்னைக்கு அவ சொன்னது அப்பாவா, அம்மாவா?"

எந்த அன்னைக்கு என்று அவள் கேட்கவில்லை. சிதறின அவரைக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "ரெண்டும் இல்ல. வாயே திறக்கல" என்றாள்.

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"வெள்ளிக்கிழமை ஃபாரம் கொடுக்கணும்னு நின்னியள்லா."

"சும்மாவா சொன்ன? ஒண்ணுமே நடக்காமயா?"

"நடக்காம இல்ல." தட்டைக் கீழே வைத்தாள். "கையைக் கட்டாத, நீ பாட்டுக்கு இருன்னு விட்டுட்டு வாசிச்சேன். முடிச்சதும் புஸ்தகத்தை என் கையிலருந்து பிடுங்கிட்டா. முழுக் கதையையும் கையால திருப்பிச் சொன்னா. கன்னுக்குட்டி, வளையக்கடை, கருவாட்டுக்காரி ஒண்ணு விடல. அதோட நிக்கல. முடிஞ்ச பெறகு, புஸ்தகத்துல இல்லாத ஒண்ணையும் அவளாச் சேத்துச் சொன்னா. நான் அப்படியே உக்காந்துட்டேன். இதை உங்களுக்குப் போன்ல எப்படிச் சொல்ல? கையால சொன்னதை நீங்க என்னைக்கு எடுத்துக்கிட்டிய? ஒரு சொல்லு வேணும்னிய. உங்களுக்குப் பிடிச்ச சொல்லாப் பாத்து ஒண்ணைக் கொடுத்தேன்."

"அந்தப் பள்ளியில சேத்திருந்தா இன்னைக்கு அந்தப் பையன்கூட..."

"தெரியும். அவன் கையைப் பாத்தப்பவே தெரிஞ்சு போச்சு. பிள்ளையை அனுப்ப எனக்கு மனசு வரல. அதுக்கு நான்தான் பதில் சொல்லணும், நீங்க இல்ல. ரெண்டு மாசமா அடுப்புமுன்னால நின்னு அதைத்தான் நினைச்சிட்டிருக்கேன்."

மாடிப்படியில் பேச்சி இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அவளுக்குத் தன் கால் சத்தம் தெரியாது, தொம் தொம்மென்று வருவாள். கேட்பதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஏன் இத்தனை வருஷம் மறைத்தாய் என்று கேட்டிருக்கலாம். லட்டு வாங்கிக் கொடுத்தேனே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கலாம். இரண்டு மாதமாக மனதுக்குள் வரிசையாக அடித்து வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் உள்ளே வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று அவசரம் அவசரமாக, இதைத்தான் கேட்டேன்:

"புஸ்தகத்துல இல்லாத ஒண்ணைச் சொன்னான்னியே உலகு, அவ கையால என்ன சொன்னா?"